புயலைத் துரத்த எந்த ஊருக்குப் போகலாம்?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்ல ஒண்ணைப் பத்தித்தான் இன்னைக்கு முழுக்கப் பேசப்போறேன். வேளச்சேரியில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். "அக்கா, கையில அஞ்சு லட்சம் சேர்த்து வச்சிருக்கேன். ஆபீஸ்ல ரெண்டு வாரம் லீவு தருவாங்க. வாழ்க்கையில ஒரு தடவையாவது டொர்னாடோவைப் பக்கத்துல பார்த்துடணும். எந்த நாட்டுக்குப் போகட்டும்?" இருபது செகண்ட்தான் மெசேஜ்.

பதிலும் சின்னதுதான். முதல் தடவைன்னா அமெரிக்கா வேண்டாம், ஆஸ்திரேலியாவோட வடக்கு முனையில இருக்கிற டார்வினுக்குப் போங்க. ஆனா காரணம் சொல்லாம விட்டா அந்தத் தம்பி கேட்க மாட்டார். யாராவது எனக்குச் சொல்லியிருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன். நான் முதல்ல போனது அமெரிக்காவுக்குத்தான்.

அதுக்கு முன்னாடி வார்த்தையில இருக்கிற ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நமக்குப் புயல்னா வங்கக்கடல்ல உருவாகி, பேர் வச்சு, மூணு நாள் டிவியில ஓடுற விஷயம். வர்தா, கஜா, மிக்ஜாம். ஸ்டார்ம் சேஸிங் பண்றவங்க பெரும்பாலும் துரத்துறது அதை இல்ல. மதியத்துக்கு மேல திரண்டு, சில மணி நேரத்துல கொட்டித் தீர்த்துட்டுப் போற இடிமேகம் இருக்கே, அதைத்தான். அதுல ஒரு வகை உள்ளுக்குள்ளயே மொத்தமா சுழலும், மணிக்கணக்கா உயிரோட இருக்கும். அதுக்கு சூப்பர்செல்னு பேர். பெரிய டொர்னாடோக்கள் பெரும்பாலும் அதுல இருந்துதான் பிறக்குது.

இந்த வித்தியாசத்தை நான் எங்க பெரியப்பாவுக்குச் சொல்லிப் பார்த்தேன், எடுபடல. பட்டுக்கோட்டை பக்கத்துல அவருக்குத் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ, ஒரே ராத்திரியில தோப்புல முக்கால்வாசி மரம் போயிடுச்சு. அவரோட அப்பா வச்ச மரங்கள். நான் அப்போ சென்னையில ஆபீஸ் வேலையில இருந்தேன், மூணு வாரம் கழிச்சுத்தான் ஊருக்குப் போனேன். சில வருஷம் கழிச்சு, அமெரிக்கா போறேன்னு சொன்னதும் அவர் கேட்டார்: "வாசலுக்கே வந்துச்சு. அப்ப நீ வரல. இப்ப காசு குடுத்து அங்க போய்ப் பார்க்கப் போறியாக்கும்?"

பதில் சொல்லத் தெரியல. இப்பவும் முழுசாத் தெரியாது. ஆனா எந்த ஊருக்குப் போறதுன்னு முடிவெடுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி கூடவே வருது.

சரி, அமெரிக்கா. டெக்சாஸ் வடக்குல இருந்து ஓக்லஹோமா, கான்ஸாஸ், நெப்ராஸ்கா வரைக்கும் போற சமவெளி. வருஷத்துக்கு அமெரிக்கா முழுக்க சுமார் 1,200 டொர்னாடோ பதிவாகுது. இந்தச் சமவெளிக்கு மே, ஜூன்தான் உச்சம். ஏன் அங்க மட்டும் இவ்வளவு? தெற்கே மெக்சிகோ வளைகுடாவில இருந்து ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே வருது. மேற்கே மலையும் பாலைவனமும் இருக்கிற பக்கத்துல இருந்து சூடான வறண்ட காற்று வந்து, அந்த ஈரத்துக்கு மேல மூடி மாதிரி உட்காருது. நம்ம வீட்டு பிரஷர் குக்கர்தான் கணக்கு. நாள் முழுக்க வெயில்ல கீழே சூடு ஏறிக்கிட்டே இருக்கும், மூடி விடாது. சாயங்காலம் ஏதோ ஒரு இடத்துல மூடி திறந்துச்சுன்னா, ஒரு மணி நேரத்துல வானம் 15 கிலோமீட்டர் உயரத்துக்குப் பொங்கிடும். உயரம் போகப் போகக் காற்றோட திசையும் வேகமும் மாறினா, மேகம் சுழல ஆரம்பிக்குது. சில நாள் மூடி திறக்கவே திறக்காது. அந்த மாதிரி வெறும் கையோட திரும்புற நாளுக்கு சேஸர்கள் 'பஸ்ட்'னு சொல்லுவாங்க. இந்த வார்த்தையைக் கண்டிப்பாத் தெரிஞ்சுக்கணும், ஏன்னா உங்க லீவுல பாதி அதுதான்.

ஆனா மேகத்தைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு, அங்க போய் நின்னப்பதான் புரிஞ்சுது. காலியிடம். கான்ஸாஸ் மாநிலத்தோட பரப்பு சுமார் 2.13 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1.3 லட்சம். கான்ஸாஸ் மக்கள்தொகை 30 லட்சத்தைத் தொடல. நம்மது 2011 கணக்கெடுப்புலயே 7.2 கோடி. அந்த ஊர்ல ஒரு மைலுக்கு ஒரு ரோடு, செஸ் போர்டு மாதிரி வடக்கு தெற்கா, கிழக்கு மேற்கா போகுது. மரம் கம்மி, குன்று இல்ல. 50 கிலோமீட்டர் தள்ளி நிக்கிற மேகத்தை அடியில இருந்து நுனி வரைக்கும் பார்க்கலாம். அந்த மேகத்துக்குக் கீழ பெரும்பாலும் கோதுமை வயல், மாடு, அங்கொண்ணும் இங்கொண்ணுமா வீடு.

அதோட, தகவல் எல்லாமே இலவசம். ஓக்லஹோமாவுல நார்மன்னு ஒரு ஊர்ல இருக்கிற ஸ்டார்ம் பிரெடிக்ஷன் சென்டர், எட்டு நாள் வரைக்கும் எங்கே பலமான இடிமழைக்கு வாய்ப்புன்னு தினமும் வரைபடம் போடுது. நாடு முழுக்க சுமார் 160 ரேடார், எல்லாத்தோட படமும் உங்க போன்ல. பார்வை, ரோடு, ரேடார்னு மூணும் சேர்ந்து அமையுற இடம் உலகத்துல ரொம்பக் கம்மி.

அப்புறம் ஏன் வேண்டாம்னு சொல்றேன்?

முதல் தடவை நான் ஒரு டூர் குழுவோட போனேன். பத்து நாள், வேன்ல கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர். டிக்கெட், டூர், மோட்டல் எல்லாம் சேர்த்து எனக்கு அஞ்சரை லட்சம் ஆச்சு. விசா கதை தனி. ஜெமினி மேம்பாலம் பக்கத்துல கான்சுலேட் வாசல்ல நிக்கிறதுக்கான தேதி கிடைக்கவே மாசக்கணக்கில காத்திருந்தேன். மே மாசம் யாருக்காகவும் காத்திருக்காது, அதனால விசாவை முந்தின வருஷமே தொடங்கணும். பத்து நாள்ல ஆறு நாள் சுத்தமான நீல வானம். மேல ஒரு உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்துடுச்சு. சேஸர்கள் அதுக்கு வச்சிருக்கிற பேர் 'டெத் ரிட்ஜ்'. அந்த ஆறு நாளும் பெட்ரோல் பங்க்ல பர்கர் சாப்பிட்டுக்கிட்டு, மியூசியம் பார்த்துக்கிட்டுத் திரிஞ்சோம்.

எட்டாவது நாள் கிடைச்சுது. சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு, மூணு கிலோமீட்டர் தள்ளி, வெள்ளையா மெலிசா ஒரு குழாய். பன்னிரண்டு நிமிஷம் இருந்துச்சு. நான் கத்தினேன், அழுதேன், என் வீடியோவுல என் சத்தம் மட்டும்தான் இருக்கு. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்காக இன்னொரு அஞ்சு லட்சம் குடுக்கவும் அந்த நேரத்துல தயாரா இருந்தேன். மறைக்க விரும்பல.

மறுநாள் காலையில அதே பக்கமாத் திரும்பி வந்தோம். டொர்னாடோ எதையும் தொடல, வெறும் வயல். ஆனா அதே மேகம் வடக்குப் பக்கமா ஆலங்கட்டியைக் கொட்டிட்டுப் போயிருந்தது. ஜூன்ல அறுவடை செய்ய வேண்டிய கோதுமை, யாரோ ரோலர் விட்டு ஏத்தின மாதிரி தரையோட தரையா கிடந்துச்சு. வேலி ஓரத்துல ஒரு பெரியவர் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். எங்க வேன்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துட்டு, "நேத்து நல்ல படம் கிடைச்சுதா?"ன்னு கேட்டார். கிண்டல் இல்ல. உண்மையாவே கேட்டார். எங்க வழிகாட்டி ஆமான்னார். பெரியவர் தலையாட்டிட்டு மறுபடி வயல் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் வேன்ல ஏறி பெரியப்பாவுக்கு போன் பண்ணலாமான்னு யோசிச்சேன். பண்ணல.

ரெண்டாவது தடவை டூர் இல்லாம, ஒரு ஃப்ரெண்டோட வாடகைக் கார் எடுத்துக்கிட்டுப் போனேன். திமிர்தான், வேற என்ன. போன்ல ரேடார் இருக்கு, நமக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு. ஓக்லஹோமா மேற்குல ஒரு மண்ரோட்டுல போய்க்கிட்டு இருந்தப்போ சிக்னல் போச்சு. திரையில தெரிஞ்ச ரேடார் படம் நின்னுபோன படம்னு எங்களுக்குத் தோணவே இல்ல. சாதாரணமாவே ரேடார் ஒரு சுத்து முடிக்க நாலஞ்சு நிமிஷம் ஆகும், அதனால நீங்க பார்க்கிறது எப்பவுமே கொஞ்சம் பழைய வானம். எங்களோடது கால் மணி நேரப் பழசு. மழை பெய்ஞ்ச மண்ரோடு களிமண்ணாயி டயர் வழுக்குது, வலது பக்கம் ஓட்டுற பழக்கம் இன்னும் வரல, அந்த நேரத்துல கிரிக்கெட் பந்து சைஸ்ல முதல் கல் விழுந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. முன் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிஞ்சுது. பின் கண்ணாடி உள்ளயே வந்துடுச்சு. ரெண்டு பேரும் பையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு கிடந்தோம். ஏழு நிமிஷம். என் ஃப்ரெண்டுக்கு நெத்தியில மூணு தையல். வாடகைக் கம்பெனியோட இன்ஷூரன்ஸ் பஞ்சாயத்து அஞ்சு மாசம் ஓடுச்சு. ஆலங்கட்டி சேதம் உங்க பாலிசியில வருமான்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிங்க. நான் படிக்கல.

எங்களுக்கு அனுபவம் இல்லன்னு சொல்லிக்கலாம். 2013 மே 31ஆம் தேதி ஓக்லஹோமாவுல எல் ரீனோ பக்கத்துல நடந்ததை என்ன சொல்றது? அங்க செத்துப்போன டிம் சமரஸ், அந்தத் துறையிலேயே ரொம்ப ஜாக்கிரதையானவர்னு பேர் எடுத்தவர். 2003ல தெற்கு டகோட்டாவுல ஒரு டொர்னாடோவோட பாதையில அவர் வச்ச கருவி, காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைப் பதிவு பண்ணுச்சு. பத்து வருஷம் கழிச்சு எல் ரீனோவுல அவரும், மகன் பாலும், கூட வேலை பார்த்த கார்ல் யங்கும் காரோட சேர்ந்து போயிட்டாங்க. அந்த டொர்னாடோ மழைக்குள்ள மறைஞ்சிருந்தது, சட்டுன்னு திசை மாறுச்சு, நிமிஷக் கணக்குல 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிஞ்சுது. பதிவானதுலயே அகலமானது அதுதான். இவ்வளவு நல்ல ரோடும் ரேடாரும் இருக்கிற இடத்துலயே இது நடந்துச்சு.

ரோடே ஆளைக் கொல்லவும் செய்யும். 2022 ஏப்ரல்ல ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துல வானிலை படிச்ச மூணு மாணவர்கள், கான்ஸாஸ்ல டொர்னாடோ பார்த்துட்டுத் திரும்பும்போது ஹைவேயில கார் விபத்துல இறந்துட்டாங்க. டொர்னாடோ அவங்களை ஒண்ணும் பண்ணல. ஈர ரோட்டுல கார் வழுக்குச்சு.

அதே அமெரிக்காவுல மிசிசிப்பி, அலபாமா பக்கமும் டொர்னாடோ நிறைய. அங்க காடு, குன்று, பல டொர்னாடோ ராத்திரியில வருது, அதுவும் வேகமா. மேகம் உங்க மேல வந்து நிக்கிற வரைக்கும் தெரியாது. சேஸர்களிலேயே பல பேர் அந்தப் பக்கம் போறதில்ல. தம்பி, டிக்கெட் சீப்பா இருக்குன்னு அங்க இறங்கிடாதீங்க.

"அக்கா, பக்கத்துலயே பங்களாதேஷ் இருக்கே, செலவு கம்மி"ன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார். மார்ச்சுல இருந்து மே வரைக்கும் அங்கயும் நம்ம மேற்கு வங்கத்துலயும் கால்பைசாகி வரும். மேகம் அமெரிக்க மேகத்துக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்ல. பதிவானதுலயே கனமான ஆலங்கட்டி 1.02 கிலோ, 1986 ஏப்ரல்ல பங்களாதேஷ் கோபால்கஞ்ச்ல விழுந்தது. அந்த மழையில 92 பேர் செத்தாங்க. 1989 ஏப்ரல் 26ல தௌலத்பூர், சாட்டூரியா வட்டாரத்துல அடிச்ச டொர்னாடோவுல சுமார் 1,300 பேர். உலகத்துல வேற எந்த டொர்னாடோவும் அத்தனை பேரைக் கொன்னதா பதிவு இல்ல. அங்க ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல வாழுறாங்க, பல வீடு தகரமும் மூங்கிலும். கான்ஸாஸ்ல அதே ஒரு சதுர கிலோமீட்டர்ல 14 பேர். பங்களாதேஷ்ல நீங்க மேகத்தைத் துரத்திக்கிட்டுப் போற ரோடு, ஜனங்க தப்பிச்சு ஓடுற ரோடு. நான் போக மாட்டேன். இதுல வேற கருத்து இருக்கிறவங்களோட வாதம் பண்ணவும் எனக்கு விருப்பம் இல்ல.

வெனிசுவேலாவுல மராகைபோ ஏரி. கட்டடும்போ ஆறு கலக்கிற இடத்துல வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 300 ராத்திரி மின்னல். செயற்கைக்கோள் கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு வருஷத்துல 233 மின்னல், பூமியிலேயே அதிகம். தண்ணிக்குள்ள கால் நட்ட வீட்டுல உட்கார்ந்து பார்க்கலாம். ஆனா பாதுகாப்பு நிலவரம் பல வருஷமா சரியில்ல. என் பட்டியல்ல இருக்கு, இன்னும் போகல.

அர்ஜென்டினாவுல கோர்தோபா மலைப்பக்கம் விஞ்ஞானிகளுக்குச் சொர்க்கம். 2018 கடைசியில 'ரெலாம்பகோ'ன்னு பெரிய ஆராய்ச்சியே நடத்தினாங்க. ஸ்பானிஷ்ல மின்னல்னு அர்த்தம். அதே வருஷம் பிப்ரவரியில அங்க வில்லா கார்லோஸ் பாஸ்னு ஒரு ஊர்ல விழுந்த ஒரு கல் 18 சென்டிமீட்டருக்கு மேலன்னு கணக்கிட்டிருக்காங்க. உரிச்ச தேங்காயைவிடப் பெருசு. கார் கண்ணாடி அனுபவத்துக்கு அப்புறம் எனக்கு அந்த ஆசை தானா அடங்கிடுச்சு.

இப்ப டார்வின். சிங்கப்பூர்ல மாறினா அங்கிருந்து நாலரை மணி நேரம். விசா ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம். இடது பக்கம் ஓட்டுறாங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பருவமழைக்கு முந்தின புழுக்கம், அதுக்கு 'பில்ட் அப்'னு பேர். அந்தப் புழுக்கத்துல ஊருக்கே கிறுக்குப் பிடிக்கும்னு அவங்களே சொல்லிக்கிறாங்க, மாம்பழ சீசன் வேறயா, 'மேங்கோ மேட்னஸ்'னு பேரும் வச்சிருக்காங்க. சென்னையில மே மாசத்தைத் தாண்டினவங்களுக்கு அது ஒண்ணும் புதுசில்ல.

ஊருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர்ல திவி தீவுகள். சென்னையில மதியம் கடல்காற்று உள்ள வரும் இல்லையா? அந்தத் தீவுக்கு வடக்குல இருந்தும் தெற்குல இருந்தும் கடல்காற்று உள்ள வந்து, நடுவுல மோதிக்குது. மோதின காற்றுக்கு மேல போறதைத் தவிர வேற வழியில்ல. சீசன்ல கிட்டத்தட்ட தினமும், மதியத்துக்கு மேல, அதே இடத்துல ஒரே மேகம், 20 கிலோமீட்டர் உயரம் வரைக்கும். அதுக்குப் பேரே இருக்கு: ஹெக்டர். இரண்டாம் உலகப்போர்ல விமானிகள் திசை தெரிஞ்சுக்க அதை அடையாளமா வச்சிருந்தாங்க, அவங்க வச்ச பேர்தான்.

துரத்தவே வேண்டாம். நைட்கிளிஃப் கடற்கரை ஓரமா ஒரு புல்வெளியில உட்கார்ந்துக்கிட்டு, பதினோரு மணிக்குச் சின்னப் பஞ்சு மாதிரி தொடங்கி மூணு மணிக்கு ராட்சசக் காளான் மாதிரி நிக்கிறதை முழுசாப் பார்த்தேன். ஒரு இடிமேகத்தோட பிறப்புல இருந்து சாவு வரைக்கும், ஒரே இடத்துல உட்கார்ந்து. அமெரிக்காவுல ரெண்டு தடவையில நான் கத்துக்காததை அந்த ஒரு வாரத்துல கத்துக்கிட்டேன்: எந்தப் பக்கம் வளருது, எப்ப அடி கருக்குது, மழை விழுந்ததும் குளிர்காற்று எவ்வளவு நேரத்துல நம்மகிட்ட வருது. ராத்திரியில நிலப்பக்கம் இருந்து வர்ற இடிமேகங்கள் ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகும், அதுல அடிக்கிற மின்னலை ரெண்டு மணி நேரம் படம் எடுக்கலாம்.

டொர்னாடோ கிடைக்காது. தம்பி, இதைத் தெளிவாச் சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. ஆபத்து இல்லாத இடமும் இல்ல. மின்னல் பார்த்து 30 செகண்டுக்குள்ள இடி கேட்டா, புல்வெளியை விட்டு காருக்கோ கட்டடத்துக்கோ போயிடணும். கடல்ல கால் வைக்காதீங்க, அந்தச் சீசன்ல கொட்டுற ஜெல்லி மீன் உண்டு, முதலை வருஷம் முழுக்க உண்டு. நம்ம அர்த்தத்துல வர்ற புயலும் அங்க உண்டு. 1974 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ட்ரேசி புயல் 66 பேரைக் கொன்னு, அந்த ஊரையே கிட்டத்தட்ட தரைமட்டமாக்குச்சு. அதனால புயல் எச்சரிக்கை வந்தா படம் எடுக்கிற ஆசையை மூட்டை கட்டிட்டு, ஊர்க்காரங்க சொல்றதைக் கேளுங்க.

நவம்பர் நடுவுல இருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள, குறைஞ்சது எட்டு நாள் வச்சுக்கிட்டுப் போங்க. பருவமழை முழுசா இறங்கிட்டா ஹெக்டர் வராது. எனக்கு ரெண்டேகால் லட்சத்துல முடிஞ்சுது. மிச்சத்தை வச்சு அடுத்த மேக்கோ அதுக்கு அடுத்த மேக்கோ கான்ஸாஸ் போங்க, ஆனா முதல் தடவை நல்ல டூர் குழுவோட. தனியா கார் எடுக்கிறது அப்புறம். என் ஃப்ரெண்டோட நெத்தியில இருக்கிற தழும்பு சாட்சி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா தோப்புல கஜாவுக்கு அப்புறம் வச்ச கன்னுல சிலது பாளை விட ஆரம்பிச்சிருக்கு. திண்ணையில உட்கார்ந்து ஹெக்டர் வீடியோவைக் காட்டினேன். நாலு மணி நேரத்தை ஒரு நிமிஷமா ஓடவிட்ட வீடியோ. போனைக் கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு மூணு தடவை பார்த்தார்.

"தினமும் வருமா?"ன்னார்.

"சீசன்ல கிட்டத்தட்ட தினமும், பெரியப்பா."

"கீழ யாரு இருக்கா?"

திவி ஜனங்க இருக்காங்க, ரொம்பக் காலமா அங்கதான் வாழுறாங்க, இது அவங்களுக்கு மழை தர்ற மேகம்னு சொன்னேன். மரம் விழுமான்னு கேட்டார். எப்பவாவது ஒண்ணு ரெண்டு விழலாம், கஜா மாதிரி இல்லன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "இன்னொரு தடவை போடு"ன்னார்.

வேளச்சேரி தம்பி, தேதி முடிவானதும் மெசேஜ் போடுங்க. நைட்கிளிஃப்ல எந்த மரத்தடியில நிழல் நல்லா இருக்கும்னு சொல்றேன். அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.